கொன்றவனுக்கும் பந்தியில் இடம்

கொன்றவன் இழவு வீட்டுக்கு வந்தாக வேண்டும். தன் கையால் சுட்டுச் சாய்த்தவனின் சவ ஊர்வலத்தில் கல்லறை வரை நடக்க வேண்டும். மண் மூடும்வரை நின்று, திரும்பி வந்து, செத்தவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும். எதிர்வரிசையில் செத்தவனின் தம்பி உட்கார்ந்திருப்பான். ஒருவரை ஒருவர் தொட மாட்டார்கள். 24 மணி நேரத்துக்கென்று கொடுத்த வாக்கு கொன்றவனைக் காத்து நிற்கும். கெடு முடிந்துவிட்டால் தம்பி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிக் கிளம்பலாம். கிளம்பலாம் என்ன, கிளம்பியே ஆக வேண்டும். கிளம்பாவிட்டால் ஊரில் அவன் மனிதனே இல்லை.

இது கதையில் வருகிற காட்சி இல்லை, சட்டம். அல்பேனியாவின் வடக்கே, ‘சபிக்கப்பட்ட மலைகள்’ என்றே பெயர் பெற்ற மலைத்தொடரில் பல நூற்றாண்டுகளாக நடைமுறையில் இருந்த வழக்காற்றுச் சட்டம். கானூன் என்பது அதன் பெயர். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லெக் டுகாஜினி என்ற சிற்றரசரின் பெயரால் வழங்கினாலும் ஒருவர் உட்கார்ந்து எழுதிய சட்டம் அல்ல. வாய்மொழியாக வந்ததை ஷ்த்யெஃபன் ஜெச்சோவ் என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வைத்தார். அவரை 1929-இல் கொசோவோவில் சுட்டுக் கொன்றார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1933-இல்தான் அவருடைய தொகுப்பு ஷ்கோடர் நகரில் நூலாக வந்தது. 12 பகுதிகள், 1,200-க்கும் மேற்பட்ட பிரிவுகள். கல்யாணம், வேலித் தகராறு, தண்ணீர்ப் பங்கு, தேன்கூடு என எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. கொலைக்கும் உண்டு.

பழிவாங்குவது என்றதும் நமக்குக் கோபம்தான் நினைவுக்கு வரும். ரத்தம் கொதிக்கிறது, கண் சிவக்கிறது, அரிவாள் எழுகிறது. நம் சினிமாக்கள் வில்லன் சாய்ந்த இடத்தில் ‘சுபம்’ போட்டு ரசிகரை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. கானூனின் கணக்கு வில்லன் சாய்ந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அங்கே பழி என்பது கடன். கொதிப்பு ஆறிப்போய் இருபது வருடம் ஆனாலும் கடன் கடன்தான்.

அந்தக் கடனை வசூலிக்கும் முறைகளைப் படிக்கும்போது உண்டாகிற திகைப்பு லேசானதல்ல. சுட்டவன் ஓடிவிடக் கூடாது. விழுந்தவனை மல்லாக்கப் படுக்க வைத்து, அவனுடைய துப்பாக்கியைத் தலைமாட்டில் சாத்தி வைக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு போனால் இரட்டைக் குற்றம். ‘நான்தான் சுட்டேன்’ என்று செய்தி சொல்லி அனுப்ப வேண்டும், வேறு யார் மீதும் சந்தேகம் விழக் கூடாது. பெண் துணையோடு நடந்து போகிறவனைச் சுடக் கூடாது. பெண்ணின் மீதும் பாதிரியாரின் மீதும் பழி சாராது. 24 மணி நேரக் கெடு முடிந்தபின், ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டால் 30 நாள் தவணை கிடைக்கும். ‘பெசா’ என்று அவர்கள் சொல்லும் அந்த வாக்கை மீறியவனுக்கு ஊரில் இடமில்லை. காயத்துக்கும் விலை உண்டு, ஒரு காயம் பாதி உயிர் என்று கணக்கு. மிர்டிட்டா பகுதியில் கொலைகாரன் ஒரோஷில் இருந்த குலத்தலைவர் வீட்டுக்கு அபராதமும் கட்டினான்.

ஒரு வகையில் இந்தச் சட்டம் நியாயமானதுகூட. ஏழை, பணக்காரன், அழகன், அவலட்சணம் என்று பார்க்காமல் எல்லா ஆணின் ரத்தத்துக்கும் ஒரே எடை போட்டது. நீதிமன்றமும் போலீஸும் எட்டாத மலையில், கண்டமேனிக்கு வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க மனிதர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ‘இதுவரைதான், இதற்கு மேல் கூடாது’ என்று பழிக்கு அணை கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

அணை நிற்கவில்லை என்பதற்கு ஆதாரம் கானூனுக்குள்ளேயே இருக்கிறது. பழைய வழக்கப்படி கொலைக்கு விலை கொடுக்க வேண்டியவன் கொன்றவன் மட்டும்தான். பிறகு வந்த வழக்கத்தில் கொன்றவன் வீட்டின் எல்லா ஆண்களும் கடனாளி ஆகிவிட்டார்கள், தொட்டிலில் கிடக்கும் ஆண் குழந்தை உட்பட. வாக்கு கிடைக்காவிட்டால் பங்காளிகள்கூட முதல் 24 மணி நேரத்துக்கு இலக்குதான். இரண்டு வழக்கத்தையும் ஜெச்சோவ் அடுத்தடுத்துப் பதிவு செய்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. கொன்றவன் கைக்குச் சிக்கவில்லை, அண்ணன் சிக்கினான். அண்ணன் ஒளிந்துகொண்டான், மகன் சிக்கினான். விதி நடப்பதைப் பின்தொடர்ந்து போய் அதற்கு முத்திரை குத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே வராத ஆண்கள்

வட அல்பேனியாவின் தெத் கிராமத்தில் கல்லால் கட்டிய ஒரு கோபுர வீடு இன்றும் நிற்கிறது. தடித்த சுவர்கள், கையகலச் சன்னல்கள். பழிக்கு அஞ்சியவர்கள் தங்கிய இடம் அது. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை உள்ளேயே கிடப்பார்கள். இப்போது அது சுற்றுலாத் தலம், மலையேற வருகிற ஐரோப்பிய இளைஞர்கள் உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கோபுரங்கள் காட்சிப் பொருளாகிவிட்டாலும் அடைபட்டுக் கிடப்பது நின்றுவிடவில்லை. வீடு என்பது கானூனின் கண்ணில் புனிதமான இடம், வாசலைத் தாண்டி வந்து யாரும் சுட மாட்டார்கள். எனவே பழி விழுந்த குடும்பத்தின் ஆண்கள் வாசலைத் தாண்ட மாட்டார்கள். 1991-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு ஷ்கோடரிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிக்கூடம் போகாத சிறுவர்கள் உருவானார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்களை வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பையன்களில் பலர், எந்தக் கொலைக்காக அடைபட்டுக் கிடக்கிறார்களோ அந்தக் கொலை நடந்தபோது கைக்குழந்தைகள். ஜோஷுவா மார்ஸ்டன் இயக்கி 2011-இல் பெர்லின் விழாவில் திரைக்கதை விருது பெற்ற ‘ரத்தத்தின் மன்னிப்பு’ படம் இப்படி அடைபட்ட ஒரு பையனையும் அவன் தங்கையையும் பற்றியது. அண்ணன் வீட்டுக்குள் இருக்க, தங்கை படிப்பை விட்டுவிட்டுக் குதிரை வண்டியில் ரொட்டி விற்கப் போவாள்.

அதுதான் நிஜத்திலும் நடக்கிறது. பெண் மீது பழி சாராது என்று கானூன் காட்டிய சலுகையின் மறுபக்கம் இது. உழவு, சந்தை, அரசு அலுவலகம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவள்தான் அலைய வேண்டும். ஆண் வாரிசே மிஞ்சாத வீடுகளில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பெண் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கன்னியாகவே இருப்பதாகச் சத்தியம் செய்து, முடியை வெட்டி, கால்சட்டை மாட்டி, அன்றிலிருந்து ஆணாகவே வாழ்ந்துவிடுவாள். ‘புர்னெஷா’ என்று பெயர். புகைபிடிக்கலாம், ஆண்கள் கூடத்தில் உட்காரலாம், துப்பாக்கி ஏந்தலாம். பெற்றோர் நிச்சயித்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லவும் இதுவே வழி. வேறு விதமாக மறுத்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமானம், அதுவே ஒரு புதுப் பகையாகிவிடும். ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்து, நடக்காத ஒரு கொலையைத் தடுத்திருக்கிறாள்.

சரி, பழிவாங்குகிறவனாவது விரும்பித்தான் செய்கிறானா? எடித் டர்ஹாம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1908-இல் இந்த மலைகளில் அலைந்து, மறு ஆண்டு எழுதிய பயண நூல் இந்த வட்டாரத்துக்கு இன்றும் முக்கியமான ஆவணம். அதில் தெரிகிற மனிதர்கள் ரத்த வெறியர்கள் இல்லை. வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டுத் தாங்கள் பட்டினி கிடப்பவர்கள். பழி தீர்க்காதவனுக்கு ஊரில் காபியை நேராகக் கொடுக்க மாட்டார்கள், முழங்காலுக்கு அடியில் நீட்டுவார்கள். கூடியிருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள், அவன் குனிந்து வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரு வருடம் இப்படிக் காபி குடித்தவன் துப்பாக்கியை எடுக்கும்போது அதைக் கோபம் என்று எப்படிச் சொல்வது? அண்ணனைப் பறிகொடுத்தவனைக் கொலைகாரனாக்குவது அண்ணன் மீதுள்ள பாசத்தைவிட அந்தக் காபி கோப்பைதான்.

பழி இனிக்குமா?

இனிக்கும், கொஞ்ச நேரம். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைப் படம் பிடித்தே காட்டியது. பண விளையாட்டில் தன்னை ஏமாற்றியவனைத் தண்டிக்க வாய்ப்புக் கிடைத்தவரின் மூளையில், பரிசு கிடைக்கும்போது விழிக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. கைக்காசைச் செலவழித்தாவது தண்டிக்கத் தயாராக இருந்தார்கள்.

இதன் அடுத்த பாதியை நான்கு ஆண்டு கழித்து அமெரிக்க உளவியலாளர் கெவின் கார்ல்ஸ்மித்தும் சகாக்களும் பார்த்தார்கள். அவர்களுடைய சோதனையிலும் ஒருவன் குழுவை ஏமாற்றுவான். சிலருக்கு அவனைத் தண்டிக்க வாய்ப்பு, சிலருக்கு இல்லை. தண்டித்தால் மனம் ஆறும் என்று எல்லோருமே எதிர்பார்த்தார்கள். கடைசியில் தண்டித்தவர்கள்தான் அதிகம் புழுங்கினார்கள். தண்டிக்க வழியில்லாமல் போனவர்கள் அவனை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள், தண்டித்தவர்களோ அவனையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சில ரூபாய் விளையாட்டிலேயே இப்படி என்றால் உயிர் விஷயத்தில் என்ன ஆகும் என்பதற்குச் சோதனைக்கூடம் பதில் சொல்லாது. ஆனால் பழியை முடித்தவன் அந்த நிமிடத்திலிருந்து அடுத்த இலக்காகிவிடுகிற கானூன் ஊரில், மறக்க நினைத்தாலும் வழியில்லை.

மலைவாசிகளுக்கு விவரம் போதாது, அரசாங்கம் செய்தால் துல்லியமாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு லில்லஹாமர் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் 11 பேர் கொல்லப்பட்டதற்குப் பழிதீர்க்க அந்நாட்டு உளவு அமைப்பான மொசாட் ஆட்களை அனுப்பியது. 1973 ஜூலை 21-ஆம் தேதி இரவு நார்வேயின் அந்தச் சிறு நகரத்தில், சினிமா பார்த்துவிட்டுக் கர்ப்பிணி மனைவியோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை அவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அகமது புச்சிக்கி, மொராக்கோவிலிருந்து வந்து உணவகத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் தேடிய ஆள் வேறு. 1996-இல் இஸ்ரேல் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தது, பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. பெண் துணையோடு போகிறவனைச் சுடாதே என்ற கானூன் விதி அந்த இரவில் இருந்திருந்தால் புச்சிக்கி பிழைத்திருப்பார்.

அல்பேனியாவுக்குத் திரும்புவோம். என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் அரசு கானூனை இரும்புக்கரம் கொண்டு நசுக்கியது. நாற்பது ஆண்டுக்கு மேல் பழிக்கொலைகள் ஏறக்குறைய அடங்கியிருந்தன. அடங்கியிருந்தன, தீரவில்லை. ஆட்சி விழுந்ததும் அரசு பறித்து வைத்திருந்த நிலத்துக்குப் பழைய சொந்தக்காரர்கள் சண்டை போட, தாத்தா காலத்துக் கணக்குகளும் கூடவே எழுந்து வந்தன. 1997-இல் சீட்டு நிறுவன மோசடிகள் நாட்டையே திவாலாக்கியபோது ஜனங்கள் ராணுவக் கிடங்குகளை உடைத்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அள்ளிச் சென்றார்கள். திரும்பி வந்த கானூனில் கட்டுப்பாடுகள் மட்டும் வரவில்லை. யாரைச் சுடக் கூடாது என்பது மறந்துபோய், சுட வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது. சமாதானம் செய்கிறோம் என்று கிளம்பிய அமைப்புகளில் சில, வெளிநாட்டில் அடைக்கலம் கேட்பவர்களுக்குப் ‘பழிக்கு இலக்கானவர்’ என்று போலிச் சான்றிதழ் விற்றதாக வழக்கும் வந்தது. பழிக்கொலைக்கு 30 ஆண்டுக்குக் குறையாத சிறை என்று பிறகு சட்டம் கடுமையானது. ஆனால் பறிகொடுத்த வீட்டார் பலர் சிறைத் தண்டனையைக் கடன் கழிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. அது அரசுக்கும் அவனுக்கும் உள்ள கணக்காம். தங்கள் கணக்கு அவன் வெளியே வந்த பிறகு தொடங்கும்.

எழுபது வயதுக்காரரும் மாணவர்களும்

எல்லைக்கு அப்பால், அல்பேனியர் பெரும்பான்மையாக வாழ்கிற கொசோவோவில் 1990-இல் நடந்தது இதற்கு நேர் எதிரான கதை. 1989-இல் மிலோஷெவிச்சின் செர்பியா கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தது. ஆர்ப்பாட்டங்கள், துப்பாக்கிச் சூடு, கைதுகள். அரசியல் காரணத்துக்காகச் சிறை சென்று மீண்ட சில இளைஞர்களும் மாணவிகளும் ஒன்றைக் கவனித்தார்கள். ஊரே எழுந்து நிற்க வேண்டிய நேரத்தில், ஆண்களில் பலர் ஒருவருக்கு ஒருவர் பயந்து வீட்டுக்குள் கிடக்கிறார்கள். பழியைத் தீர்த்து வைக்காமல் அடுத்த அடி வைக்க முடியாது.

அவர்கள் துணைக்கு அழைத்தவர் ஆன்டன் செட்டா. அப்போது அவருக்கு எழுபது வயது. பிரிஷ்டினாவில் பேராசிரியராக இருந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கிராமங்களில் நாட்டுப்புறக் கதையும் பாட்டும் சேகரிப்பதில் கழித்தவர். ஆகவே எந்த வீட்டில் எப்படி நுழைவது, யாரிடம் முதலில் பேசுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கத்தோலிக்கரான அவரை முஸ்லிம் வீடுகள் பெரியவராக ஏற்றன. குழுவினர் போய்க் கூடத்தில் உட்கார்வார்கள். ‘உங்கள் மகன் ரத்தத்தை மன்னியுங்கள்’ என்று கேட்பார்கள். மறுத்தால் மறுபடி போவார்கள், அதற்கும் மறுத்தால் மறுபடியும். பணம் கைமாறவில்லை. ஆண்கள் கூடத்தில் பெண் கால் வைக்காத வீடுகளில் மாணவிகள் சரிசமமாக உட்கார்ந்து பேசினார்கள். அடுக்களைப் பக்கம் போய்த் தாயையும் கைம்பெண்ணையும் கேட்டார்கள். காலங்காலமாக அவர்களை யாரும் கேட்டதில்லை.

மன்னிப்பவர் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உருவானது. மக்களின் பெயரால், இளைஞர்களின் பெயரால், கொடியின் பெயரால் ரத்தத்தை மன்னிக்கிறேன் என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லி, எதிரியின் கையைப் பற்ற வேண்டும். 1990 மே 1 அன்று டெச்சான் அருகே வெராட் எ லூக்கஸ் என்ற வெளியில் லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். மேடைக்கு ஒவ்வொருவராக வந்து மன்னித்தார்கள். அந்த ஆண்டிலேயே அரசு கூட்டங்களுக்குத் தடை போட, பின்பு சமாதான முயற்சி வீடுகளுக்குள் ரகசியமாகத் தொடர்ந்தது. 1992-க்குள் சுமார் ஆயிரம் பகைகள் தீர்ந்தன.

எப்படி முடிந்தது? போதனையால் அல்ல என்றே தோன்றுகிறது. பாதிரியார்களும் மௌல்விகளும் நூற்றாண்டுகளாகப் போதித்துப் பார்த்ததுதான். செட்டா கானூனின் நாணயத்தையே எடுத்துத் திருப்பிப் போட்டார். மன்னிப்பவன் கோழை என்றிருந்ததை, மன்னிக்கிறவன்தான் ஆண்பிள்ளை என்று ஊர் கூடிக் கைதட்டிச் சொல்லும்படி ஆக்கினார். முழங்காலுக்கு அடியில் காபி நீட்டிய அதே ஊர் இப்போது தலைக்கு மேல் கோப்பையைத் தூக்கிப் பிடித்தது. அதோடு, எதிரே பெரிய எதிரி நின்றான். கொடி அந்த வாசகத்தில் சும்மா வரவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘முடியாது’ என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? மேடையில் கை கொடுத்த தகப்பன்களில் எத்தனை பேர் மனசார மன்னித்தார்கள், எத்தனை பேர் கொடுத்தாக வேண்டியிருந்ததால் கொடுத்தார்கள்? பிணங்களை எண்ணினால் விடை தெளிவு, அடுத்த கொலை நடக்கவில்லை. அந்த வீட்டுத் தாயை நினைத்தால் அவ்வளவு தெளிவில்லை. கொல்வதற்கும் அவளைக் கேட்காத சமூகம், மன்னிப்பதற்கு அவளைக் கேட்டது சில வீடுகளில் மட்டும்தான்.

செட்டா 1995-இல் இறந்தார். 1998-இல் போர் தொடங்கியது. செர்பியப் படைகள் கிராமம் கிராமமாகக் கொன்றன, லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். 1999 ஜூனில் நேட்டோ படைகள் நுழைந்து செர்பிய ராணுவம் வெளியேறியதும், திரும்பி வந்த அல்பேனியர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிவிட்ட செர்பியர்கள் மீதும் ரோமாக்கள் மீதும் பாய்ந்தார்கள். வீடுகள் எரிந்தன, ஓட முடியாத கிழவர்களும் செத்தார்கள். கொலை செய்த ராணுவத்தினரும் போலீஸாரும் அதற்குள் பத்திரமாக எல்லை தாண்டிவிட்டிருந்தார்கள்.

ஜூலை 23-ஆம் தேதி ஸ்டாரோ கிராட்ஸ்கோ என்ற செர்பியக் கிராமத்தில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்த 14 பேர் வயலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வீட்டின் ஆண்கள் அனைவரும் கடனாளி என்று கானூன் விரித்த வட்டம், அன்று ஓர் இனம் முழுவதும் கடனாளி என்கிற அளவுக்கு விரிந்துவிட்டது. ஒன்பது ஆண்டுக்கு முன் வெராட் எ லூக்கஸில் கைதட்டிய தலைமுறைதான் அப்போதும் இருந்தது. இம்முறை வீடு வீடாகப் போய்க் கூடத்தில் உட்கார்ந்து கேட்க ஆளில்லை. போயிருந்தாலும், எந்தக் கொடியின் பெயரால் கேட்டிருப்பார்கள்? அந்த 14 பேரின் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.